வீட்டில் சாதி பற்றிப் பேசினால் பெரியவர்கள் மாறுவார்களா? ஒரு பொய் ஆய்வும் ஓர் உண்மை ஆய்வும் சொல்லும் பதில்!

"வீட்டுல சாதியைப் பத்திப் பேச்செடுத்தாலே சண்டைதான். எதுக்கு வம்பு?"

வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்துவிட்ட இளைஞர்கள் பலரும் சொல்லும் வசனம் இது. ஆபீஸில் எல்லோருடனும் ஒரே டேபிளில் சாப்பிடுகிறார்கள். அம்பேத்கர் பிறந்தநாளுக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். ஆனால், பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் பெரியப்பா "அவங்க ஆளுங்க எல்லாம் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால், மொபைலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்கள்.

கேட்டால் ஒரு நியாயமும் வைத்திருக்கிறார்கள். 'பேசி யாரையும் மாத்த முடியாது.'

உண்மையிலேயே முடியாதா? இந்தக் கேள்வியை முறையாகச் சோதித்துப் பார்த்த கதை ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ஒரு தேர்தல் தோல்வி, ஒரு பொய் ஆய்வு, அதைக் கண்டுபிடித்த இரண்டு மாணவர்கள் என சினிமாவுக்குத் தேவையான எல்லா திருப்பமும் அதில் உண்டு. அங்கே பிரச்னை சாதி இல்லை. பாலினமும் பாலின ஈர்ப்பும். ஆனால், 'யார் பேச வேண்டும்?' என்ற கேள்விக்கு அந்தக் கதை தரும் பதில், தமிழ்நாட்டு வீடுகளுக்கும் அவசியமானது.

தோற்றவர்கள் போய்த் தட்டிய கதவு

2008 நவம்பர் 4. பராக் ஒபாமா அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாள். கலிஃபோர்னியா மாகாணத்தில் 61 சதவிகிதம் பேர் அவருக்கு வாக்களித்தார்கள். அதே தேர்தலில் அந்த மாகாண மக்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. 'ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நடப்பது மட்டுமே திருமணம்' என்று மாகாண அரசியல் சாசனத்தைத் திருத்தலாமா? 'புரபொசிஷன் 8' எனப்பட்ட இந்தத் திருத்தத்துக்கு சுமார் 52 சதவிகிதம் பேர் 'ஆம்' என்றார்கள். அதே ஆண்டு மே மாதம்தான் நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அனுமதி கொடுத்திருந்தது. கிடைத்த உரிமை ஆறு மாதத்தில் பறிபோனது.

தோற்ற தரப்பு வழக்கமாக என்ன செய்யும்? எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களைத் திட்டும். அல்லது, ஏற்கெனவே தன் பக்கம் இருப்பவர்களிடமே திரும்பத் திரும்பப் பேசும். லாஸ் ஏஞ்சலிஸ் எல்ஜிபிடி மையத்தைச் சேர்ந்தவர்கள் வேறு ஒன்றைச் செய்தார்கள். டேவ் ஃப்ளைஷர் என்ற களப்பணியாளரின் வழிகாட்டுதலில், தங்களுக்கு எதிராக வாக்குகள் குவிந்த பகுதிகளுக்கே போய் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "ஏன் அப்படி ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டார்கள்.

சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்வியைக் கேட்க, முதலில் தன்னிடம் இருக்கும் ஒரு முடிவைக் கழற்றி வைக்க வேண்டும். 'இவர் வெறுப்பு பிடித்தவர், இவரிடம் காரணம் எல்லாம் இருக்காது' என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்டால், அந்தக் கேள்வி வாயிலேயே வராது. வந்தாலும் அது கேள்வியாக இருக்காது, குற்றச்சாட்டாகத்தான் இருக்கும்.

ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படிப் பேசினார்கள். உரையாடல்களை வீடியோ எடுத்து, எந்த இடத்தில் எதிரில் இருப்பவர் இறுகிப்போகிறார், எந்த இடத்தில் இளகுகிறார் என்று போட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து மெல்ல மெல்ல ஒரு முறை உருவானது. அதற்கு 'டீப் கேன்வாஸிங்' என்று பெயர்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கும்?

முதலில் ஒரு மதிப்பெண். "இந்தச் சட்டத்தை நீங்க எவ்வளவு ஆதரிக்கிறீங்க? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க." அவர் மூன்று என்கிறார். "ஏன் மூணு?" என்று கேட்க வேண்டும். என்ன பதில் வந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது, உடனே திருத்தக் கூடாது.

அடுத்து, கொள்கையை விட்டுவிட்டு மனிதர்களுக்கு வர வேண்டும். "உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல அப்படி யாராவது இருக்காங்களா?" பிறகு, "நீங்க யாருன்னே தெரியாம, உங்களை யாராவது தப்பா நடத்தியிருக்காங்களா? அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" கதவைத் தட்டியவரும் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்வார். இரண்டு பேரின் அனுபவத்தையும் பேசி முடித்த பிறகு, பேச்சு மறுபடியும் சட்டத்துக்கு வரும். கடைசியில் அதே கேள்வி. "இப்போ எந்த நம்பர் சொல்வீங்க?"

இதில் புள்ளிவிவரங்களுக்குப் பெரிய வேலை இல்லை. 'நீங்க நினைக்கிறது தப்பு' என்ற வாக்கியத்துக்கு இடமே இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. வேலை செய்யுமா?

ஆய்வே பொய்யாகிப்போன கதை

வேலை செய்கிறது என்று 2014 டிசம்பரில் உலகப் புகழ்பெற்ற 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் மைக்கேல் லகூரும், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கிரீனும் எழுதியது. அதன் முடிவு இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, சிறிய உரையாடல்கூட மனதை மாற்றும். இரண்டு, பேசுபவர் தன்பாலீர்ப்பாளராக இருந்தால்தான் அந்த மாற்றம் நிலைக்கும். மற்றவர்கள் பேசினால் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும்.

ஊடகங்கள் கொண்டாடின. பாதிக்கப்பட்டவரே நேரில் வந்து தன் கதையைச் சொன்னால் கல் மனதும் கரையும் என்பது, எல்லோருக்கும் நம்பப் பிடித்த விஷயம்தானே?

பெர்க்லியில் இருந்த டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு ஆய்வு மாணவர்கள், அதே மாதிரியான ஆய்வை மயாமியில் செய்யத் திட்டமிட்டார்கள். வேலையைத் தொடங்கியதும் கணக்கு இடித்தது. முந்தைய ஆய்வில் மக்கள் பதிலளித்த அளவுக்கு இவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. தரவுகளும் சந்தேகப்படும் அளவுக்குச் சுத்தமாக இருந்தன. கருத்துக்கணிப்பை நடத்தியதாகச் சொல்லப்பட்ட நிறுவனத்தைத் தொடர்புகொண்டபோது, அப்படி ஒரு வேலையே தங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் அரோனோவுடன் சேர்ந்து, 2015 மே 19-ம் தேதி இந்த முரண்பாடுகளை அவர்கள் வெளியிட்டார்கள். இணை ஆசிரியரான கிரீனே ஆய்வைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொண்டார். மே 28-ம் தேதி 'சயின்ஸ்' அதைத் திரும்பப் பெற்றது.

'பாத்தீங்களா, பேசுனா மாறுவாங்கன்னு சொன்னதெல்லாம் பொய்' என்று பலரும் கடந்து போயிருப்பார்கள். ஆனால், ஆய்வு பொய் என்பதால் அந்த முறையும் பொய் என்று ஆகிவிடாது. அதை இன்னும் யாரும் சரியாகச் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். புரூக்மேனும் கல்லாவும் மயாமியில் தங்கள் ஆய்வைத் தொடர்ந்தார்கள்.

மயாமியில் கிடைத்த உண்மை

மயாமி-டேட் நிர்வாகம் 2014 டிசம்பரில் திருநர் சமூகத்துக்குப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு தரும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அந்தச் சட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பலாம் என்ற நிலையில், 56 பேர் 501 வாக்காளர்களின் வீட்டுக்குப் போனார்கள். ஒரு பிரிவினரிடம் திருநர் உரிமை பற்றி சுமார் 10 நிமிடம் பேச்சு. இன்னொரு பிரிவினரிடம் மறுசுழற்சி பற்றிப் பேச்சு. இரண்டு பிரிவுகளையும் ஒப்பிட்டால்தான் மாற்றம் பேச்சால் வந்ததா என்று தெரியும்.

2016-ல் முடிவு அதே 'சயின்ஸ்' இதழில் வந்தது. திருநர் உரிமை பற்றிப் பேசியவர்களிடம் வெறுப்பு குறைந்திருந்தது. 1998 முதல் 2012 வரை அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்கள் மீதான வெறுப்பு சராசரியாக எவ்வளவு குறைந்ததோ, அதைவிடப் பெரிய மாற்றம் இது. 3 மாதங்கள் கழித்தும் அது நீடித்தது.

முக்கியமான முடிவு இன்னொன்று. கதவைத் தட்டியவர்களில் திருநர்களும் இருந்தார்கள், அல்லாதவர்களும் இருந்தார்கள். இரு தரப்பினர் பேசியதற்கும் பலன் இருந்தது.

பொய் ஆய்வு என்ன சொன்னது? பாதிக்கப்பட்டவர்தான் பேசியாக வேண்டும் என்றது. உண்மை ஆய்வு என்ன சொன்னது? யார் வேண்டுமானாலும் பேசலாம், முறையாகப் பேசினால் போதும் என்றது. இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

இதே இருவரும் 2020-ல் வெளியிட்ட அடுத்த ஆய்வு இன்னும் பெரியது. 7 இடங்கள், 230 களப்பணியாளர்கள், 6,869 வாக்காளர்கள். அனுபவங்களைப் பகிர்ந்து, தீர்ப்பு சொல்லாமல் பேசியபோது மாற்றம் குறைந்தது 4 மாதங்கள் நின்றது. அந்தப் பகிர்தலை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் வைத்தபோது எந்தப் பலனும் இல்லை. ஃபேமிலி குரூப்பில் லிங்க் மேல் லிங்க் போட்டு ஜெயிக்கப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

சுமை யார் தலையில்?

இப்போது தமிழ்நாட்டுக்கு வரலாம். இங்கே 'சாதி பற்றி வெளிப்படையா உரையாடணும்' என்று யாராவது சொன்னால், கண்கள் உடனே யார் பக்கம் திரும்புகின்றன? ஆபீஸில் இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால், டீமில் இருக்கும் ஒரே பட்டியலின ஊழியர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரியில், தனக்கு நடந்த அவமானத்தை அந்த மாணவிதான் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. காயத்தைக் காட்டினால்தான் மற்றவர்கள் நம்புவார்கள். காட்டிய பிறகும், 'இதெல்லாம் இப்போ எங்க இருக்கு?' என்று ஒருவர் கேட்பார்.

எங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் உண்டு. தேசிய பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் கவுன்சிலும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-12-ல் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பில், தங்கள் வீட்டில் ஏதோ ஒரு வடிவத்தில் தீண்டாமை கடைப்பிடிக்கப்படுவதாக 27 சதவிகிதக் குடும்பங்கள் தாங்களே சொன்னார்கள். இது ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு மட்டும்.

2023 ஆகஸ்ட்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். அதில் பிடிபட்டவர்களில் அதே பள்ளி மாணவர்களும் உண்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணியத் தடை விதிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றச் சொல்லலாம். மாலையில் அவன் வீட்டுக்குப் போன பிறகு?

அங்கே ஆசிரியரால் நுழைய முடியாது. அரசால் முடியாது. அந்தப் பட்டியலின மாணவரால் நிச்சயம் முடியாது. நுழைய முடிந்தவர்கள், அந்த வீட்டிலேயே சோறு சாப்பிடுகிறவர்கள்தான். அண்ணன், அக்கா, வெளியூரில் வேலை பார்க்கும் சித்தி மகன். கதவைத் தட்டக்கூடத் தேவையில்லாத களப்பணியாளர்கள். மொட்டை மாடிக்குப் போய்விடுகிறவர்களும் அவர்கள்தான்.

"பேசித் தீத்துக்கலாம்" என்பது உரையாடலா?

இதற்கு எல்லைகளும் உண்டு. அதை மறைத்துவிட்டு உரையாடலைப் புகழ்வது ஆபத்து.

தமிழ்நாட்டில் 'பேசித் தீத்துக்கலாம்' என்ற வார்த்தைக்கு ஒரு பின்னணி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டிய இடத்தில், பாதிக்கப்பட்டவரை உட்கார வைத்து 'ஊர் ஒத்துமைக்காக விட்டுக்கொடுப்பா' என்று சொல்வதற்கும் அதே வார்த்தைதான். குற்றத்துக்குத் தேவை வழக்கு. உரையாடல் அதற்கு மாற்று ஆகாது. மயாமியில்கூட சட்டம் முதலில் வந்தது. பேச்சு அதைக் காப்பாற்றத்தான் போனது.

எந்த மாதிரி சந்திப்பு என்பதும் முக்கியம். உத்தரப்பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்களை வைத்து கிரிக்கெட் போட்டி நடத்தி, பொருளாதார ஆய்வாளர் மேத்யூ லோ 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரெதிர் அணியில் ஆடியவர்களிடம் அந்தப் பலன் இல்லை. பெரும்பாலும் நெருக்கம் குறையத்தான் செய்தது. எதிரெதிராக நிறுத்தும் விவாத மேடைகளும் கமென்ட் சண்டைகளும் ஏன் உதவுவதில்லை என்பதற்கு இது ஒரு குறிப்பு. 2018-ல் கிறிஸ் பெயில் குழுவினர் ட்விட்டரில் நடத்திய சோதனையும் அதையே காட்டியது. எதிர்க்கருத்துகளை ஒரு மாதம் டைம்லைனில் பார்த்த குடியரசுக் கட்சியினர், முன்பைவிட இறுகிப்போனார்கள். காதில் விழுவது வேறு, பேசிப் பார்ப்பது வேறு.

இன்னோர் எல்லை, கேட்கத் தயாராக இல்லாதவர்கள். 1936-ல் லாகூரில் சாதி ஒழிப்புக்காகவே இயங்கிய ஜாத்-பாத் தோடக் மண்டல், தங்கள் மாநாட்டில் தலைமை உரையாற்ற அம்பேத்கரை அழைத்தது. உரையின் கருத்துகளைப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. மாநாடே ரத்தானது. அந்த உரையை அவர் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதுதான் 'சாதியை அழித்தொழித்தல்'. சீர்திருத்தம் பேசியவர்களே கேட்க மறுத்த பேச்சு அது. 'நீங்க வந்து பேசுங்க, ஆனா எங்களுக்குச் சங்கடம் இல்லாம பேசுங்க' என்பது இன்று வரை மாறவில்லை. பேச வேண்டிய பொறுப்பைப் பாதிக்கப்பட்டவரிடமே விடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் தேவையா?

எங்கே தொடங்குவது?

நடைமுறைக்கு வருவோம். மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது. அம்மா, "நம்ம ஆளுங்களா பாத்து விடணும்" என்கிறார். வழக்கமான பதில்: "நீ இன்னும் எந்தக் காலத்துலம்மா இருக்க?" அதோடு பேச்சு முடிந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார், வீடு 'நம்ம ஆளுக்கு'ப் போய்விடும்.

மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். "வேற ஆளுங்களுக்கு விட்டா என்னம்மா ஆகும்?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கும் குரலில். "அக்கம்பக்கத்துல என்ன பேசுவாங்க" என்று பதில் வரலாம். அம்மாவிடம் இருப்பது வெறுப்பு என்று நினைத்திருந்தால், அதற்கு அடியில் பயமும் இருப்பது இப்போதுதான் தெரியவரும். பயத்திடம் பேசும் விதம் வேறு.

அடுத்து, சொந்த அனுபவம். "பெங்களூருல பேச்சிலர்னு எனக்கு மூணு வீடு தர மாட்டேன்னுட்டாங்கம்மா. நான் எப்படிப்பட்டவன்னுகூட யாரும் கேக்கல." பேச்சிலர் என்று மறுப்பதும் சாதி பார்த்து மறுப்பதும் ஒன்றல்ல. கல்யாணம் ஆனால் முதலாவது தீர்ந்துவிடும், இரண்டாவது தலைமுறை தலைமுறையாகத் தொடரும். அந்த வித்தியாசத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால், தன் பிள்ளை வாசலில் நின்று திரும்பிய காட்சி மனதில் வந்த பிறகு, இன்னொருவர் பிள்ளை நிற்பதை நினைத்துப் பார்ப்பது அம்மாவுக்குக் கொஞ்சம் சுலபமாகும். "உனக்கு அப்படி ஏதாவது நடந்திருக்காம்மா?" என்று கேட்டால், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் சொல்லவும் கூடும்.

ஒரே பேச்சில் எல்லாம் மாறிவிடாது. மயாமியிலும் எல்லோரும் மாறவில்லை. சராசரியில்தான் மாற்றம் தெரிந்தது. சில பெரியப்பாக்கள் கடைசி வரை மாற மாட்டார்கள். சில வீடுகளில் இந்தப் பேச்சை எடுப்பதே ஆபத்து. சாதி மறுத்துக் காதலிப்பவர்களுக்கு அந்த ஆபத்து உயிர் வரைக்கும் போகும் என்பது இந்த மாநிலத்துக்குத் தெரியும். அவர்களிடம் போய் 'பொறுமையாப் பேசிப் பாருங்க' என்று யாரும் அட்வைஸ் செய்ய வேண்டாம். அவர்களுக்குத் தேவை பாதுகாப்பு.

இந்தக் கணக்கு மற்றவர்களுக்கானது. பேசினால் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் கசக்கும், இரண்டு நாள் மனஸ்தாபம் இருக்கும் என்ற அளவுக்கு மட்டுமே இழப்பு உள்ளவர்களுக்கு. 'அம்மா மாற மாட்டாங்க' என்பதும் சோதிக்கப்படாத ஒரு முன்முடிவுதான். அடுத்த முறை மாடி போர்ஷன் காலியாகும்போது அதைச் சோதித்துப் பார்க்கலாம். பத்து நிமிடம் போதும்.